ஏழாவது கட்டம்

இல்ல டாக்டர், அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. கூட்ட ரூம் சாவி வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். சாவி வச்சிருக்கிறவர் பத்து மணிக் கூட்டத்துக்கு ஒம்பதே முக்காலுக்குத்தான் வருவாரு. முன்னாடி வந்தா நாற்காலியைத் தொடைக்கச் சொல்லுவாங்கன்னு பயம் அவருக்கு. நீங்கதான் என்னமோ ஒம்பது மணிக்கே வந்து நிக்கிறீங்க. எந்த நோயைப் பாக்கணும்னு பட்டியல் போடற உங்க குழு ஆளுங்க யாரும் லேப் பக்கம் எட்டிப் பாத்து நான் பாத்ததில்ல. நேரா மாடிக்குப் போவாங்க, நேரா இறங்கிப் போயிடுவாங்க.

தெரியும் தெரியும். நீங்க கேட்ட காகிதம்தானே, தர்றேன். பிரிண்டர் சூடாகணும். என்னை விட வயசான பிரிண்டர் அது, அதட்டினா கோவிச்சுக்கும்.

என்னைத் தெரியலையா? போன கூட்டத்துல கடைசி வரிசையில சுவரோட சுவரா உக்காந்திருந்தேனே. கேட்டா மட்டும் பதில் சொல்லணும்னு உக்கார வச்சாங்க. யாரும் கேக்கல. நல்லா சாஞ்சு உக்காந்துட்டு வந்தேன். இங்க எல்லாரும் சொட்டக்கான்னுதான் கூப்பிடுவாங்க. இருபத்திரண்டு வருஷமா ரத்தச் சொட்டோட குடித்தனம் நடத்தறவளுக்கு வேற என்ன பேர் வைப்பாங்க?

நான் கையை நிறுத்த மாட்டேன், தப்பா நினைக்காதீங்க. பத்து மணிக்குள்ள இந்தத் தட்டை மிஷின்ல ஏத்தணும். பேசிக்கிட்டே துளை போடறது எனக்குப் பழக்கம். வாயை மூடினாத்தான் கை தப்பும்.

கிட்ட வந்து பாருங்க. ஃபைல்ல எழுத்தாப் பாத்திருப்பீங்க, இது வேற. இந்த அட்டையில நாலு வட்டம் இருக்கா? குழந்தை பொறந்து ரெண்டாம் நாளோ மூணாம் நாளோ குதிகால்ல ஒரு குத்து. வட்டத்துக்கு ஒரு சொட்டு. காய வச்சு நமக்கு அனுப்புவாங்க. நான் அதுலேர்ந்து மிளகு அளவுக்கு ஒரு வில்லை வெட்டி இந்தக் குழியில போடறேன். ஒரு தட்டுக்குத் தொண்ணூத்தாறு குழி. மிஷின் ஒழுங்கா அளக்குதான்னு பாக்கறதுக்கு எட்டு போச்சுன்னா, மீதி எண்பத்தெட்டும் எண்பத்தெட்டுக் குழந்தைங்க. இந்த ஊர் மொத்தத்துக்கும் இது ஒரே லேப்தானே. மாளிகையில பொறந்தாலும் மரத்தடியில பொறந்தாலும் என் தட்டுல வந்து பக்கத்துப் பக்கத்துக் குழியில உக்காந்தாகணும். அதுல எனக்கு ஒரு சந்தோஷம்.

அதோ, அதுதான் மிஷின். குளிர்சாதனப் பெட்டியைப் படுக்க வச்ச மாதிரி இருக்கே, அதேதான். ஒரு வில்லைக்கு ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷத்துல ரத்தத்துல இருக்கிற நாப்பத்தி ரெண்டு பொருளை அளந்துடும். பட்டியல்ல ஆறு நோய் இருக்கில்லையா, அதுல ரெண்டை அந்த மூலையில இருக்கிற சின்ன மிஷின் பாத்துக்கும். மீதி நாலும் இதோட வேலை. நாலுக்கு வேண்டிய எண்ணை மட்டும் ஸ்கிரீன்ல காட்டும். மத்ததெல்லாம் சாம்பல் நிறத்துல மூடிக் கிடக்கும். அந்த மூடின கட்டத்துல முதல் கட்டம்தான் நம்ம ஏழாவது. இன்னைக்கு நீங்க மாடியில பேசப் போறீங்களே, அதே ஆள்.

இல்லையில்ல, அளக்காம இல்ல. அளந்துடுது டாக்டர். தனியா ரத்தம் வேண்டாம், தனியா மருந்து வேண்டாம், அரை நிமிஷம் கூட ஆகாது. அளந்து, எழுதி, உள்ள வச்சு, மேல ஒரு சாம்பல் பூச்சு பூசிடுது. பட்டியல்ல இல்லாததைப் பாக்கக் கூடாதுன்னு குழுவோட விதி. மிஷினுக்குத் தெரியும், நமக்குத் தெரியக் கூடாது. வீட்ல ரகசியம் தெரிஞ்ச சின்னப் பிள்ளை வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிற மாதிரி நிக்குது பாருங்க.

டீ எடுத்துக்குங்க. சர்க்கரை போடல, நீங்க போட மாட்டீங்கன்னு போன கூட்டத்துலயே பாத்தேன்.

பட்டியல் ஒண்ணும் வானத்துலேர்ந்து விழல, எனக்குத் தெரியாதா. முதல் நோயை நான் குத்தம் சொல்ல மாட்டேன். தைராய்டு. கையெடுத்துக் கும்பிடலாம். அதுல தப்பிச்ச ஒரு பொண்ணு இப்ப காலேஜ் படிக்குது, வருஷா வருஷம் வந்து என்னைப் பாத்துட்டுப் போகும். அதைப் பாத்தா அன்னைக்கு எனக்குக் கால் வலி தெரியாது. ரெண்டாவது, மூணாவது, நாலாவது எல்லாம் நல்ல பிள்ளைங்கதான். அஞ்சாவது எப்படி வந்துச்சுன்னா, அதுக்கு வேண்டிய திரவத்தை ஒரு கம்பெனி ரெண்டு வருஷத்துக்குச் சும்மா தந்துச்சு. சும்மா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாப்பாங்களா? சேத்துட்டாங்க. ஆறாவது இருக்கே, அது குழுவுல அப்ப இருந்த ஒருத்தர் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போயிட்டு ஒரு துணிப்பை கொண்டு வந்தாரு. பையில அந்த நோய் பேர் பெரிசா அச்சடிச்சிருக்கும். அடுத்த கூட்டத்துலயே உள்ள வந்துடுச்சு. இதுவரைக்கும் இந்த ஊர்ல அந்த நோயோட ஒரு குழந்தையும் நாங்க பாக்கல. பை மட்டும் இருக்கு. கதவுக்குப் பின்னாடி தொங்குது பாருங்க, அதுலதான் நான் சாப்பாட்டு டப்பா கொண்டு வர்றேன். உறுதியான பை.

ஏழாவதுக்குக் கம்பெனியும் இல்ல, பையும் இல்ல. அதுதான் அதோட தலையெழுத்து.

என்ன நோய்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? சரி, எங்க பாஷையில சொல்றேன், சரியான்னு பாருங்க. நாம சாப்பிடாம இருந்தா உடம்பு சேத்து வச்ச கொழுப்பை எரிச்சு ஓட்டிக்கும். இந்தக் குழந்தைங்களுக்கு அந்த எரிக்கிற வேலை தெரியாது. வீடு நிறைய விறகு இருக்கு, அடுப்புல பத்த வைக்கத் தெரியல. நேரா நேரத்துக்குப் பால் குடிச்சுக்கிட்டு இருக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. கொழுகொழுன்னு இருக்கும். எல்லாக் குழந்தையும் மாதிரிதான். என்னைக்காவது காய்ச்சல் வந்து, வாந்தி எடுத்து, ஒரு பொழுது வயிறு காஞ்சா முடிஞ்சுது. அவ்வளவுதானே? வைத்தியமும் அவ்வளவுதான். பட்டினி போடக் கூடாது. முடியாம வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய்ச் சர்க்கரைத் தண்ணி ஏத்தணும். வளர வளர அதுவும் சுலபமாயிடும். தெரிஞ்சா பொழைச்சுக்கும். தெரியணும், அதான் விஷயம்.

ஏழாவதைப் பட்டியல்ல சேக்கச் சொல்லி விண்ணப்பம் யார் குடுத்ததா? கையெழுத்து ரிட்டையர் ஆன ஒரு குழந்தை டாக்டரோடது. எழுதினது நான். கேள்வி ஒரு அம்மாவோடது.

நாலு வருஷம் முன்னாடி வந்தாங்க. தையல் வேலை பாக்கிறவங்க, விரல் நுனியெல்லாம் ஊசித் தழும்பு. கையில நாம குடுத்த காகிதம். பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமா வச்சிருந்தாங்க. ஆறு நோய், ஆறு டிக், எல்லாம் சரியா இருக்கு. குழந்தைக்குப் பதினோரு மாசம். லேசாக் காய்ச்சல், ரெண்டு தடவை வாந்தி. அசந்து தூங்குது, தூங்கட்டும், எழுப்ப வேண்டாம்னு வீட்ல எல்லாரும் பாசமாச் சொல்லியிருக்காங்க. விடிஞ்சப்புறம் எழுந்திருக்கல. இறப்புச் சான்றிதழ்ல காய்ச்சல்னு எழுதிக் குடுத்தாச்சு. அந்தம்மா சண்டை போட வரல டாக்டர். சண்டை போட்டிருந்தா நான் பதிலுக்குப் பேசிட்டுப் போயிருப்பேன். அக்கா, ஒருவேளை அட்டை மாறிப் போயிருக்குமா, கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களான்னு கேட்டாங்க. வேற யாரோ ஒரு குழந்தைக்கு நம்ம குழந்தையோட நோயைத் தப்பாச் சொல்லியிருக்கப் போறீங்கன்னு அவங்களுக்குக் கவலை.

பாத்தேன். மாறல. அப்பல்லாம் அந்தச் சாம்பல் பூச்சு சும்மா பேருக்குத்தான் இருக்கும், ஸ்கிரீன்ல ரெண்டு தட்டு தட்டினா விலகிடும். தட்டினேன். அரைக்குக் கீழ இருக்கணும் அந்த எண். இருந்தது பதினாலு. குழந்தை பொறந்த மூணாம் நாளே அளந்து வச்சிருக்கு. பதினோரு மாசமா உள்ளேயே உக்காந்திருக்கு அந்தப் பதினாலு.

சொன்னேன். சொல்லாம இருக்க முடியுமா? அடுத்த குழந்தை வந்தா முதல் நாளே டாக்டர்கிட்ட இதைச் சொல்லுங்கன்னு எழுதியும் குடுத்தேன். நான் எழுதிக் குடுத்ததை அந்த உறைக்குள்ளயே வச்சாங்க. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. அளந்துட்டு எதுக்குக்கா மூடி வச்சீங்க? அவ்வளவுதான். குழுவைக் கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன். நாலு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன்.

குழு சும்மா இருக்கல, உடனே நடவடிக்கை எடுத்துச்சு. எனக்கு ஒரு மெமோ. பட்டியல்ல இல்லாததைப் பாத்தது ஒரு தப்பு, பாத்ததைச் சொன்னது ரெண்டாவது தப்பு. அப்புறம் மிஷினுக்கு நிஜப் பூட்டு. கடவுச்சொல் குழுத் தலைவர்கிட்ட மட்டும். நோயைச் சேக்கச் சொல்லிக் கேட்டா, பூட்டைச் சேத்தாங்க. வீட்ல திருடன் புகுந்துட்டான்னு சொன்னவளோட வாய்க்குப் பூட்டு.

சிரிக்கலாம் டாக்டர், பரவாயில்ல. இனிமேதான் சிரிக்கிற இடமே வருது.

முதல் தடவை விண்ணப்பம் போச்சு. படிவத்துல பதினொண்ணாவது கேள்வி, மருந்தின் பெயர். மருந்தே கிடையாதே, நேரத்துக்குச் சாப்பாடுதானே, அதனால வெறுமன விட்டோம். மூணு மாசம் கழிச்சுத் திரும்பி வந்துச்சு. படிவம் முழுமையாக இல்லை. சரின்னு சாப்பாடுன்னு எழுதி அனுப்பினோம். மறுபடியும் வந்துச்சு. சாப்பாடு மருந்தல்ல, வைத்தியம் இல்லாத நோயைப் பட்டியலில் சேர்க்க இயலாதுன்னு சிவப்பு மையில. உலகத்துலயே மலிவான வைத்தியம் இருக்கிற நோய்க்கு, வைத்தியமே இல்லன்னு தீர்ப்பு. கடைசியில குழந்தை டாக்டர் அந்தக் கட்டத்துல சர்க்கரைன்னு எழுதி, பக்கத்துல வேதிப் பேரும் போட்டாரு. ஏத்துக்கிட்டாங்க. பேர் நீளமா இருந்தா மருந்து.

ரெண்டாவது கூட்டத்துல, இந்த ஊர்ல எத்தனை பேருக்கு இந்த நோய் இருக்குன்னு கேட்டாங்க. கண்டுபிடிச்சது பூஜ்யம். அப்ப இங்க இல்லாத நோய்க்கு எதுக்குப் பரிசோதனைன்னாங்க. கண்டுபிடிக்காததுக்குக் காரணம் பாக்காதது. பாக்காததுக்குக் காரணம் கண்டுபிடிக்காதது. விளக்கைப் போடாமலே எட்டிப் பாத்துட்டு உள்ள யாரும் இல்லன்னு சொல்ற கதை. அந்தப் பதினாலு இருக்கே, அதைக் கணக்குல எடுங்கன்னு குழந்தை டாக்டர் சொன்னாரு. அது விதியை மீறிப் பாத்த எண், செல்லாதுன்னு சொல்லிட்டாங்க.

உங்க போன் அடிக்குது, எடுங்க. வீட்லேர்ந்தா? எடுத்துப் பேசுங்க, நான் ஒட்டுக் கேக்க மாட்டேன். இருபத்திரண்டு வருஷமா கேக்காம இருக்கத்தான் சம்பளம்.

என்ன, நல்லா இருக்காங்களா? நல்லது.

அந்த ரெண்டாவது கூட்டத்துலதான் நீங்க புதுசா வந்தீங்க. நீங்க பேசினது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. நியாயமாத்தான் பேசினீங்க. மிஷின் சில நேரம் சும்மாவே எண்ணைக் கூட்டிக் காட்டும், நல்லா இருக்கிற குழந்தையோட அம்மாவைக் கூப்பிட்டு உன் குழந்தைக்கு என்னமோ இருக்குன்னு சொல்லணும், ரெண்டாவது பரிசோதனை வர்ற வரைக்கும் அவங்க செத்துப் பொழைப்பாங்க. ஒரு வீட்டோட நிம்மதியைக் கெடுக்க நமக்கு உரிமை இல்லன்னு சொன்னீங்க. நான் இல்லன்னு சொல்லவே மாட்டேன். அந்த ஆறுலயும் இது நடக்குது. அந்த அம்மாங்க இதோ இந்த பெஞ்சுலதான் உக்காந்து அழுவாங்க. மாடிக்கு அது கேக்காது, எனக்குக் கேக்கும். ஒண்ணுதான் சொல்லுவேன். அந்த அழுகை ரெண்டு நாள்ல நின்னுடும்.

சரி, போன கூட்டம். மூணாவது தடவை. அஞ்சு பேர்ல ரெண்டு பேர் சேக்கலாம்னாங்க, ரெண்டு பேர் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளலாம்னாங்க. நீங்க ஒண்ணும் சொல்லல. மணி ஒண்ணே கால். எல்லாருக்கும் பசி. தலைவர் பாதி எழுந்தே நின்னுட்டாரு. தள்ளி வைக்கிறவங்க கை தூக்குங்கன்னாரு. ரெண்டு கை எழுந்துச்சு. அப்ப நீங்க கையைத் தூக்கினீங்க. உங்க தலைக்கு நேர் மேல ஏசி. கழுத்துல துண்டைச் சுத்திக்கிட்டு ஒரு மணி நேரமா நெளிஞ்சுக்கிட்டு இருந்தீங்க, நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். ஏசியைக் கொஞ்சம் குறைங்கன்னு சொல்ல வாயெடுத்தீங்க. தலைவர் மூணுன்னு எண்ணிட்டாரு. ஒத்தி வைக்கப்பட்டது, சாப்பிடப் போலாம்னாரு.

நீங்க சொல்லியிருக்கலாம். கையைக் கீழ இறக்கினீங்க, அந்தப் பக்கம் பாத்தீங்க, இந்தப் பக்கம் பாத்தீங்க, பேசாம எழுந்து போயிட்டீங்க. நான் தப்பு சொல்லல. எல்லாரும் கிளம்பிட்டாங்க, திரும்பக் கூப்பிட்டு உக்கார வச்சா திட்டுவாங்க. பசி தாங்காத குழந்தைங்களைப் பத்தி முடிவெடுக்கிற கூட்டம், பசி தாங்காமக் கலைஞ்சு போச்சு. அதோட ஆறு மாசம் போயிடுச்சு. நான் ஒரு நாளைக்கு ரெண்டு தட்டு ஏத்தறேன். கணக்கு நீங்களே போட்டுக்குங்க.

ஆ, பிரிண்டர் வழிக்கு வந்துடுச்சு. இருங்க.

இந்தாங்க உங்க காகிதம். எங்க வீட்டு அட்டை ஒண்ணு வரும், கொஞ்சம் முன்னாடி பாத்துடச் சொல்லுங்கன்னு எங்க மேலதிகாரிக்குப் போன் பண்ணியிருந்தீங்களாம். சொன்னாரு. நேத்துச் சாயங்காலத் தட்டுல முதல் குழி உங்க பேத்திக்குத்தான். ஆறு நோய், ஆறு டிக். எல்லாம் சரியா இருக்கு. வாழ்த்துகள் டாக்டர். தாத்தா ஆயிட்டீங்க. அஞ்சு நாள் ஆச்சா? நல்லாப் பால் குடிக்குதா? கொழுகொழுன்னு இருக்கும். இருக்கணும்.

ஏழாவதா?

எனக்குத் தெரியாது டாக்டர். சத்தியமா. அளந்தாச்சு, உள்ள இருக்கு. உங்க நிம்மதி கெடக் கூடாதுன்னுதான் மூடி வச்சிருக்கு.

இல்ல, என்னால முடியாது, பழைய பூட்டு இல்ல இது. தலைவரைத் தனியாக் கேட்டாலும் பிரயோஜனம் இல்ல. தட்டுக்கு ஒரு பூட்டுதான், குழிக்குக் குழி கிடையாது. உங்க வீட்டுதை மட்டும் திறக்கற மாதிரி மிஷின்ல வசதி வைக்கல. திறந்தா எண்பத்தெட்டும் திறக்கும், இல்லன்னா ஒண்ணும் இல்ல. இன்னைக்கு முடிவாச்சுன்னா தலைவர் கடவுச்சொல்லைத் தருவாரு. நேத்தைய தட்டு, இந்தத் தட்டு, ரெண்டையும் சாயங்காலத்துக்குள்ள பாத்துடுவேன். அனேகமா ஒண்ணும் இருக்காது. பதினஞ்சாயிரத்துல ஒண்ணு, ரொம்ப அபூர்வம்னு குழு அறிக்கையிலயே எழுதியிருக்கு. மூணாம் பக்கம். அதுல உங்க கையெழுத்தும் இருக்கு.

பயப்படாதீங்க, டாக்டர். இதைச் சொல்லிப் பயமுறுத்தணும்னு இல்ல. வேற ஊர் லேபுக்கு ரத்தம் அனுப்பினா நீங்க தனியாவும் தெரிஞ்சுக்கலாம், பத்துப் பதினஞ்சு நாள்ல பதில் வரும். அதுவரைக்கும் பாப்பாவைத் தூங்க விட்டுடாதீங்க, எழுப்பி எழுப்பிப் பால் குடுக்கச் சொல்லுங்க. உங்களுக்கு அது தெரியும். அந்தத் தட்டுல இருக்கிற மத்த எண்பத்தேழு தாத்தாவுக்கும் தெரியாது.

படியில சத்தம் கேக்குதா? சாவி வந்துடுச்சு. நீங்க முன்னாடி போங்க, டீ கிளாஸ் இங்கயே இருக்கட்டும், நான் கழுவிக்கிறேன். நானும் இந்தத் தட்டை ஏத்திட்டு, கையைக் கழுவிட்டு வந்து என் சுவர் ஓரமா உக்காந்துக்கறேன். கேட்டா பதில் சொல்றேன்.

அப்புறம் டாக்டர், ஒண்ணு. காலையிலயே சாவிக்காரருக்குப் போன் பண்ணி ஏசியைக் குறைச்சு வைக்கச் சொல்லிட்டேன். இன்னைக்கு அதுக்காக யாரும் கை தூக்க வேண்டியதில்ல.